அண்ணனுக்கு ஒன்பது, எனக்கு எட்டு

27 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

இன்றும் வண்டி திக்கியது. ஜெகதளா ஏற்றத்தில், இரண்டாவது கியரில், மூன்று தரம். பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹார்ன் அடித்தே என்னைப் பள்ளிக்கூடம் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். ஸ்டாஃப் ரூமில் தேவி டீச்சர், "ஏனுங்க ஜெஸிந்தா, உங்க ரேஸ் காருக்குச் சளி புடிச்சிருச்சுங்களா?" என்றாள். சிரித்து வைத்தேன். அவளுடைய ஸ்கூட்டி ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

ரேஸ் கார்தான், மறுக்கவில்லை. பெனிஸ் அண்ணன் 2016-இல் ஆசை ஆசையாக வாங்கிய டர்போ. முகப்பில் தேள் சின்னம் இருப்பதால் குன்னூரில் பாதிப் பேருக்கு அது தேள் வண்டி. 2018-இல் அண்ணன் குடும்பத்தோடு கனடா போனபோது சாவியை என் கையில் கொடுத்து, "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெச்சிரு பாப்பா, போதும்" என்றார். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். கொரோனாவில் பஸ் நின்றது. காய்கறி வாங்க ஒரு நாள் எடுத்தேன். பாடப்புத்தகம் கொடுக்கப் பள்ளிக்கு ஒரு நாள். அதற்குப் பிறகு விடவே இல்லை. நாற்பத்தொன்பது வயதில், தனிக்கட்டையாக, பிளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் நடத்துகிறவளுக்கு இவ்வளவு குதிரைத்திறன் எதற்கு என்று யாரும் கேட்கலாம். கேட்டுவிட்டுப் போகட்டும்.

29 ஆகஸ்ட், வியாழன்

இன்று சமதளத்திலேயே திக்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அணைந்தது.

1 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராகச் சுப்பண்ணன் பட்டறைக்குப் போனேன். எஸ்டேட் ஜீப்பும் இலை லாரியும் பார்க்கிற மனிதர். பானட்டைத் திறந்து, எட்ட நின்றே பார்த்தார்.

"பிளக்காத்தானுங்க டீச்சர் இருக்கும். ஆனா இந்த வண்டியத் தொட எனக்கு யோசனையா இருக்குதுங்க. மேல கவரு, அதுக்கடியில காயிலு, அதுக்கடியில குழிக்குள்ள பிளக்கு. மரை போச்சுன்னா ஹெட்டையே கழட்டோணும். உங்க அண்ணன் இருந்தாருன்னா அவரே மாத்திக்குவாரு. என்ன நம்பருங்க போடுவாரு?"

"ஒன்பதுங்க. கோல்ட் பிளக்."

"அதானுங்களே. குளிர் ஊருக்குக் கோல்ட் பிளக்குதான் சரிங்க."

இந்த மலையில் பத்து மெக்கானிக்கைக் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். ஊர்க் குளிருக்கும், பெட்ரோலைப் பற்றவைக்கும் இந்தப் பிளக்குக்கும் சம்பந்தமில்லை. கோல்ட் பிளக் என்றால் தன் முனையில் சேரும் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளுகிற பிளக், அவ்வளவுதான். வண்டி வந்தபோது இருந்தது எட்டாம் நம்பர். அண்ணன் சும்மா இருப்பாரா? கோயம்புத்தூரில் ஒருவரிடம் கொடுத்து இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதச் செய்து, டர்போவின் அழுத்தத்தை ஏற்றினார். அழுத்தம் ஏறினால் சூடும் ஏறும். அந்தச் சூட்டைத் தாங்க எட்டை எடுத்துவிட்டு ஒன்பது போட்டார். நம்பர் கூடக் கூட பிளக் சீக்கிரம் குளிரும். இதையெல்லாம் சுப்பண்ணனிடம் சொல்ல ஆரம்பித்தால் பாடம் நடத்துகிறேன் என்பார். சரிங்க என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணனிடம் பேசினேன். "ஆறு வருசமாச்சில்ல, பிளக்கு தேஞ்சிருக்கும். புதுசு வாங்கிப் போடு. ஒன்பது. அந்த வண்டிக்கு வேற நம்பரே கிடையாது பாப்பா" என்றார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல: "டிசம்பர்ல வர்றேன். நான் மட்டும். உன் அண்ணி ஹன்னாவுக்கு லீவு இல்லை. கோயமுத்தூர்ல கமலேஷ்னு ஒருத்தர் வண்டியக் கேட்டுட்டே இருக்காரு. குடுத்தறலாம்னு இருக்கேன். உனக்குச் சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் பாத்துக்கலாம். உனக்கு எதுக்கு அத்தாம் பெரிய வண்டி?"

"சரிங்ணா" என்றேன்.

சரிங்ணா! அந்த ஒரு வார்த்தையைத் தவிர இந்த வாய்க்கு வேறொன்றும் தெரியாதா? வண்டி அவருடையது. விற்பது அவர் இஷ்டம். ஆனால் எனக்கு அதை விட்டுக் கொடுக்க மனமில்லை. இதை இங்கே எழுதுகிறேனே தவிர அவரிடம் சொல்ல மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்த நாள். பிளக் மாற்றிய நாளும்.

நானே செய்தேன். அண்ணன் செய்யும்போது எத்தனை முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன்! இரவெல்லாம் ஷெட்டில் நின்று ஆறிய இன்ஜினில், காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். சூடான இன்ஜின் ஹெட்டில் பிளக்கைத் திருகக் கூடாது. அலுமினிய மரை பெயர்ந்து வந்துவிடும். கவரைக் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நான்கையும் உருவி, குழிக்குள் சேர்ந்த தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதினேன். பிறகு பழைய பிளக் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

வந்ததும் வந்த வரிசையில் கப்பில் வைத்தேன். இதை எங்கள் வீட்டு வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா மரியஅந்தோணி மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர். ரிட்டயர் ஆனபோது, டீயைச் சுவைத்துத் தரம் பார்க்கும், விளிம்பு உடைந்த வெள்ளைப் பீங்கான் கப் நான்கைக் கேட்டு வாங்கி வந்தார். அண்ணன் முதல் தரம் பிளக் கழற்றிய அன்று, நான்கையும் பேப்பரில் போட்டு வைக்க, அவை உருண்டு கலந்து போயின. அப்பா உள்ளே போய்க் கப்புகளை எடுத்து வந்தார். "வரிசை மாறிப் போச்சுன்னா எது எங்க கெட்டுச்சுன்னு எப்படிடா கண்டுபுடிப்பே?" என்றார். ஒரு கப்புக்கு ஒரு சிலிண்டர். பிறகு, வடிகட்டிய இலையைப் பார்ப்பது போலவே குனிந்து, ஒவ்வொரு பிளக்கின் முனையையும் பார்த்தார். வெளிறிய பழுப்பு. பால் குறைவாக ஊற்றிய டீயின் நிறம். "பிரைட்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. டல் என்றால் அன்றைய தேயிலை மொத்தமும் தலை குனிய வேண்டியதுதான்.

இன்று நான்கு கப்பிலும் கறுப்பு. அடுப்புக்கரி மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டுகிற புகைக்கரி. அப்பா பார்த்திருந்தால் கப்பைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

புது ஒன்பதுகளின் இடைவெளியை கேஜ் தகடு வைத்துப் பார்த்தேன். 0.7 மில்லிமீட்டர். டர்போ அழுத்தத்தில் இடைவெளி அதிகமானால் பொறி அணைந்து போகும். நடுவில் இருக்கும் மெல்லிய கம்பியைத் தகடு தொடாமல் பார்க்க வேண்டும். மூச்சை அடக்கித்தான் பார்த்தேன். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் சொருகி, விரலாலேயே கடைசி மரை வரை திருகினேன். அதுவும் அண்ணன் வித்தைதான். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிச் சொல்லிவிடும். கடைசியில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்.

ஸ்டார்ட் செய்தேன். பழைய குரல்! ஷெட்டில் நின்று அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

13 அக்டோபர், ஞாயிறு

ஐந்தே வாரம். மறுபடி திக்கல்.

கழற்றிப் பார்த்தேன். புத்தம்புது பிளக், நான்கும் கறுப்பு.

மத்தியானம் முழுக்கக் கப்புகளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் சரி. காயில் சரி. ஒன்றோ இரண்டோ கறுத்திருந்தால் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே மாதிரி கறுத்தால் யாரைச் சந்தேகிப்பது?

என்னை.

பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். கோயிலுக்கு மூன்று. மார்க்கெட்டுக்கு இரண்டரை. வேகம் எங்கேயும் முப்பதைத் தாண்டியதில்லை. பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதன் முனை நன்றாகச் சூடாக வேண்டும். அண்ணன் மிதித்த மிதியில் ஒன்பது சூடாகும். என் மிதியில் ஆகாது. சேர்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் அது வெளியே தள்ளிவிட்டு, கரி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிளக் மேல் தப்பில்லை. அது அண்ணனுக்கான பிளக். ஓட்டுவது நான்.

பதினேழு பேட்ச் பிள்ளைகளுக்கு வெப்பக் கடத்தல் நடத்தியவள். இது புரிய நான்கு வருடம்.

20 அக்டோபர், ஞாயிறு

எட்டு போட்டேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் கையெழுத்தை அழித்துவிட்டு என் கையெழுத்தைப் போட்டது போல ஒரு குறுகுறுப்பு. கழற்றிய ஒன்பதுகளைச் சுத்தம் செய்து டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியில் கப்புகளுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆளே இல்லாத வீட்டில் யாருக்காக ஒளிக்கிறேன்?

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன். மழை அணைத்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைத்தது. போதும் என்று சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மஞ்சூர்ப் பக்கம் வண்டியை விட்டேன்.

வண்டி ஒரு தரம்கூடத் திக்கவில்லை. எட்டு எனக்குப் பொருந்திவிட்டது.

2016-17-இல் ஞாயிறு என்றால் இதே ரோடுதான். பூசை முடிந்து, காலைச் சாப்பாட்டைக்கூட அவிழ்க்காமல் கிளம்புவோம். அண்ணன் ஸ்டியரிங்கில், அப்பா முன் சீட்டில், நான் பின்னால் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு. வழியில் சேலாஸ் கிராமத்தைத் தாண்டினால் அண்ணன் வேறு ஆள். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, திரும்பியதும் மிதிப்பார். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் டர்போ விசில் அடித்துக்கொண்டு முதுகைப் பிடித்துத் தள்ளும். சாம்பார் என் மடியில் கொட்டும். நான் கத்துவேன். அப்பா பயப்படுவார் என்றுதான் முதலில் நினைத்தோம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "ம்… இன்னும் கொஞ்சம்" என்பார். நாற்பது வருடம் ஜீப்பிலும் லாரியிலும் அந்த ரோட்டில் குலுங்கியவர். கடைசி காலத்தில் அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்தது அந்த வண்டிக்குள்தான். 2017 நவம்பரில் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சிரிப்பு வண்டிக்குள் இன்னும் எங்கேயோ இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். அதைப் போய்க் கமலேஷ் என்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது?

1 டிசம்பர், ஞாயிறு

அண்ணன் போன். கமலேஷ் ஜனவரி ஐந்தாம் தேதி வருகிறாராம். மலைக்கு வண்டியில் வர இ-பாஸ்கூட எடுத்துவிட்டாராம். வண்டி பார்க்க வருகிறவருக்கு என்ன அவசரம்!

"பாப்பா, என்ன சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லீங்ணா. கேரல் ரவுண்ட்ஸுக்கு ஸ்டார் கட்டோணும், அந்த யோசனை."

20 டிசம்பர், வெள்ளி

எட்டைக் கழற்றி மறுபடி ஒன்பதை மாட்டிவிட்டேன்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். அண்ணன் வந்ததும் சாவியைத்தான் கேட்பார். ஏற்றிய அழுத்தத்தில், எட்டு மாட்டிய வண்டியை அவர் மிதிக்கிற மிதி மிதித்தால், முனை பழுத்துப் போய் எரிபொருள் நேரத்துக்கு முன்னால் வெடிக்கும். பிஸ்டன்கூட ஓட்டையாகலாம். அதனால் ஒன்பது. இது ஃபிசிக்ஸ் டீச்சர் சொல்லும் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. விற்பதற்கு முன்னால் பத்து நாளாவது அவர் பழையபடி ஓட்டட்டும். அந்த விசிலை வாசலில் நின்று நான் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வேறென்ன கொடுக்க?

22 டிசம்பர், ஞாயிறு

கோயம்புத்தூர் ஏர்போர்ட். அண்ணன் இளைத்திருந்தார். தலை முழு நரை. கட்டிப்பிடித்தபோது அப்பாவின் தோளெலும்பு.

சாவியை நீட்டினேன். "ஜெட் லாக், நீயே ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பதினான்கு ஹேர்பின்னையும் நானே ஓட்டினேன், வியர்த்துக்கொண்டு. பழைய பெனிஸ் அண்ணனாக இருந்தால் கல்லாறிலேயே என்னை இறக்கிவிட்டுப் பிடுங்கியிருப்பார். இன்று மேலே பிடிக்கும் கைப்பிடியை விடாமல் வந்தார். குன்னூர் வந்ததும், "நல்லா ஓட்டற பாப்பா" என்றார்.

என் ஓட்டலை அவர் பாராட்டியது இதுவே முதல் தரம். மனது குளிர்ந்துவிட்டது.

25 டிசம்பர், புதன்

கிறிஸ்து பிறந்தார். குடிலில் அப்பா செய்த மரக் கழுதைக்கு இந்த வருடமும் ஒரு கால் இல்லை. அண்ணன் தீக்குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கேக், பிரியாணி, பழைய ஆல்பம். வண்டிமேல் மூன்று பேரும் சாய்ந்து நிற்கும் போட்டோவை அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்கு வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு போலாம்னு இருக்கேன்" என்றார். அப்பாடா.

28 டிசம்பர், சனி

மூன்று நாளாகக் காலையில் கிளம்பிவிடுகிறார். தனியாக. நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்தா பயந்து கத்துவே" என்று சிரித்தார். வெளியே போகும்போது மெதுவாகத்தான் போகிறார். அக்கம்பக்கத்துக்கு மரியாதையாக இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வருகிறார். நான் டீயோடு காத்திருந்து கேட்கிறேன்.

"எங்கண்ணா போனீங்க?"

"மஞ்சூர்."

"சேலாஸ் தாண்டி மிதிச்சீங்களா?"

"மிதிக்காம?"

"விசிலு?"

"அப்படியே இருக்குது பாப்பா. அப்பா பக்கத்துல உக்காந்து இன்னும் கொஞ்சங்கற மாதிரியே இருந்துச்சு."

எனக்குச் சின்னப் பிள்ளை போல சந்தோஷம்.

2 ஜனவரி 2025, வியாழன்

பள்ளி திறந்தது. வண்டி அண்ணனுக்கு வேண்டும் என்று பஸ்ஸில் போய் வந்தேன். தேவி டீச்சர், "வித்தாச்சுங்களா?" என்றாள். இன்னும் மூன்று நாள்.

4 ஜனவரி, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் குளிக்கப் போயிருந்தார். நாளை கமலேஷ் வந்து ஓட்டிப் பார்ப்பாரே, கழுவி வைக்கலாம் என்று வண்டியை ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு எடுத்தேன். திக்கியது. அந்தப் பத்தடிக்குள் இரண்டு தரம்!

இந்தத் திக்கல் எனக்குப் பழகிய திக்கல். ஆனால் எப்படி? பத்து நாளாக அண்ணன் அல்லவா ஓட்டுகிறார். கவரைக் கழற்றினேன். கப்புகளை எடுத்து வந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நான்கும் கறுப்பு.

என்னுடையதைவிடக் கறுப்பு. மஞ்சூர் போய் மிதித்து வந்த பிளக் இப்படி இருக்க முடியாது. பிறகுதான் கிலோமீட்டரைப் பார்க்கத் தோன்றியது. ஏர்போர்ட்டிலிருந்து வந்த அன்று இருந்ததைவிட வெறும் நூற்றுப்பத்து கூட. மஞ்சூர் இரண்டு தரம் போய் வந்தாலே அதற்கு மேல் ஆகிவிடும்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணன், துண்டோடு வாசற்படியில். என்னைப் பார்க்கவில்லை. கப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் அவர். வந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், அப்பா மாதிரியே.

"டல்" என்றார்.

பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன பிப்ரவரி. ஹைவேல ஐஸ். நான்தான் ஓட்டுனேன், ஹன்னா பக்கத்துல. வண்டி தானாச் சுத்துச்சு பாப்பா. மூணு சுத்து. ஒரு லாரி ஒரு சாண் தள்ளிப் போச்சு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனா அன்னியிலிருந்து ஆக்சிலரேட்டர்ல கால் வெச்சா கால் நடுங்குது. இப்ப ஹன்னாதான் என்னை வேலைக்குக் கொண்டு போயி விடறா."

"அப்ப தினமும் எங்கண்ணா போனீங்க?"

"சேலாஸ்கூட இல்லை. அதுக்கு ரொம்ப முன்னாடி கற்பூர மரம் இருக்கற வளைவு இருக்குதல்ல? அங்க ஓரங்கட்டிட்டு உக்காந்திருப்பேன். இன்ஜின ஆஃப் பண்ண மாட்டேன். ஆஃப் பண்ணுனா மறுக்கா எடுக்கத் தைரியம் வருமோ வராதோன்னு."

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடியிருக்கிறது. பிளக் கறுக்காமல் என்ன செய்யும்!

"மஞ்சூர் போனேன்னு எதுக்குண்ணா சொன்னீங்க?"

"நீ டீயக் கையில வெச்சுக்கிட்டு அத்தன ஆசையாக் கேட்டே. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நான்தான்! நான்தான் ஒவ்வொரு நாளும் விசில் கேட்டுச்சா, மிதிச்சீங்களான்னு கேட்டுக் கேட்டு அந்த மனுசனைப் பொய் சொல்ல வெச்சிருக்கேன். கிறிஸ்துமஸ் பரிசுன்னு ஒன்பதை மாட்டி வெச்சு, பயந்து போயிருக்கிறவர்கிட்ட பறன்னு சொல்லியிருக்கேன். எனக்கென்ன கண்ணு இல்லையா? ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது அந்தக் கைப்பிடியை அவர் விடவே இல்லையே. பாராட்டுன ஒரு வார்த்தையில மயங்கிப் போயிட்டேன்.

"வண்டி இங்க இருந்தா, வர்றப்பல்லாம் ஓட்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதான் விக்கலாம்னு" என்றார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை முழுக்கக் கரி. எட்டு மாட்டி இரண்டு மாதம் ஓட்டியதைச் சொன்னேன். டப்பாவை ஒளித்து வைத்ததைச் சொன்னேன். பிறகு, எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.

"எனக்கு வேணுங்ணா இந்த வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டாம். இதுதான் வேணும்."

"இத்தன நாளா ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கைக்கரி அவர் சட்டையில் பட்டது, என் முகத்திலும்.

எட்டை மாட்டும்போது ரப்பர் குழாயை அவர்தான் பிடித்தார். கடைசி மரை வரை அவரே திருகினார்.

5 ஜனவரி, ஞாயிறு

கமலேஷ் பதினொரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், வண்டியைத் தடவிக்கொடுத்தே பார்த்தார். அண்ணன் அவரை உட்கார வைத்து, "மன்னிச்சுக்கோங்க. வண்டி என் தங்கச்சியோடதுங்க. எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தேன். கேக்கும் கட்டிக் கொடுத்தேன். இ-பாஸ் வீணாகிவிட்டதே என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

11 ஜனவரி, சனி

அண்ணனை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

மலை இறங்கி, கல்லாறில் பாக்குத்தோப்பு ஆரம்பித்து ரோடு நேரானதும், "பாப்பா, கொஞ்சம் நிறுத்து" என்றார். வாந்தி வருகிறதோ என்று நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

இடம் மாறி உட்கார்ந்தேன். மிதிங்கண்ணா என்றும் சொல்லவில்லை, மெதுவாங்கண்ணா என்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பாக்கு மரங்களைப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் வரை ஓட்டினார். இருபத்தெட்டு, முப்பது. ஊட்டி பஸ் ஒன்று திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. ஒரு மாட்டு வண்டியும் தாண்டியிருக்கும், அது எங்களுக்கு முன்னால் திரும்பிவிட்டது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினார். இன்ஜினை ஆஃப் செய்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஆஃப். ஸ்டார்ட். மூன்று தரம்.

"திக்கவே இல்லையே" என்றார்.

6 ஏப்ரல், ஞாயிறு

மழை வருவதற்குள் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று காலையில் பிளக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு கப்பிலும் வெளிறிய பழுப்பு. கப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

பதிலுக்கு முதலில் ஒரு போட்டோ. பனி உருகிய ஒரு கடைவாசல், நிறுத்தியிருக்கும் கார், ஸ்டியரிங் மேல் அவர் கை. கீழே, "வீட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். நானேதான். ஹன்னா பக்கத்துல கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு வந்தா."

அதற்குக் கீழே, "பிரைட்."

நான் கேட்டேன்: "டிசம்பர்ல வர்றப்போ ஒன்பதை மாட்டி வைக்கட்டுங்களா?"

பிளக்கெல்லாம் மாட்டி, கவரை மூடி, கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன்.

"வேண்டாம் பாப்பா. எட்டே இருக்கட்டும். மஞ்சூர் வரைக்கும் போறோம். டிபன் கேரியர் என் மடில."

கப்புகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன். பின்னாலிருந்த ஒன்பதாம் நம்பர் டப்பாவைச் சுப்பண்ணனிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்காவது ஆகும். டிசம்பருக்கு இன்னும் எட்டு மாதம். ஹன்னா அண்ணியும் வருவாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.